பி.எஸ்சி. மேத்ஸுக்கு லோன் போடலாமா? கையெழுத்துக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

மே மாசம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் கூட ஆகல, எங்க எஸ்டேட் லைன்ல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ரெண்டு வீடு தள்ளி இருக்கற அக்கா அவங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பொண்ணு மேத்ஸ்ல 94. கையில ரெண்டு பேப்பர். ஒண்ணு ஊட்டி கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணதோட பிரிண்ட் அவுட், இன்னொண்ணு கோயம்புத்தூர்ல ஒரு தனியார் காலேஜ் கொடுத்த வழவழன்னு இருக்கற புக்லெட், அதுக்குள்ள மடிச்சு வெச்ச ஃபீஸ் ஷீட். "தம்பி, இந்தப் படிப்பை லோன் போட்டுப் படிச்சவன் நம்ம லைன்ல நீ ஒருத்தன் தான், என்ன பண்றதுன்னு நீயே சொல்லு"ன்னாங்க அக்கா. பொண்ணு மெதுவா, "மாமா, மேத்ஸ் தான் படிப்பேன், அதுல மட்டும் கை வைக்காதீங்க"ன்னா.

அதுல நான் கை வைக்கல. மேத்ஸ் படிச்சா சோறு கிடைக்குமான்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில் தான், கிடைக்கும், ஆனா லேட்டா கிடைக்கும். அந்த "லேட்டா" தான் லோன் எடுக்கறவங்க கவனிக்காம விடற விஷயம். அன்னிக்கு ராத்திரி குன்னூர்ல கரண்ட் இல்லாம மெழுகுவத்தி வெச்சுக்கிட்டு ஒரு கோடு போட்ட நோட்டுல நாங்க மூணு பேரும் போட்ட கணக்கைத்தான் இங்க எழுதறேன். நம்பர் எல்லாம் உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க, வழி ஒண்ணுதான்.

மொதல்ல புக்லெட்டைத் தள்ளி வெச்சுட்டு, கையை விட்டுப் போற காசு மொத்தத்தையும் எழுதுங்க. ஃபீஸ் ஷீட்ல இருக்கறது பாதி தான். ஹாஸ்டல், மெஸ், எக்ஸாம் ஃபீஸ், மாசம் ஒரு தடவை மேட்டுப்பாளையம் வழியா மலையேறி வந்துட்டுப் போற பஸ் செலவு, கீழ வெயில்ல போட நம்மகிட்ட இருக்கற ஸ்வெட்டர் உதவாது அதனால துணிமணி, ஒரு லேப்டாப். எல்லாம் கூட்டினப்போ அந்தத் தனியார் காலேஜுக்கு வருஷம் ஒண்ணேகால் லட்சம் கிட்ட வந்துச்சு. அக்கா வீட்டால 25 ஆயிரம் புரட்ட முடியும், மீதி வருஷம் 1 லட்சம் கடன். மூணு வருஷத்துக்கு 3 லட்சம். "மூணு லட்சம் தானே தம்பி, வேலைக்குப் போனா அடைச்சுடுவா"ன்னு அக்கா சொன்னப்போ தான் நான் பென்சிலைச் சீவினேன்.

எஜுகேஷன் லோன்ல படிக்கற வரைக்கும், முடிச்சு அடுத்த ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். அந்தக் காலத்துக்குத் தனி வட்டி, கூட்டு வட்டி கிடையாது, அது வரைக்கும் நல்லது. வட்டி 10 சதவீதம்னு வெச்சுக்குவோம். மொத வருஷம் வாங்கின லட்சம் நாலு வருஷம் வட்டி ஏறும், 40 ஆயிரம். ரெண்டாவது லட்சம் மூணு வருஷம், 30 ஆயிரம். மூணாவது ரெண்டு வருஷம், 20 ஆயிரம். ஆக தவணை ஆரம்பிக்கற அன்னிக்கு உங்க தலையில இருக்கறது 3 லட்சம் இல்ல, 3 லட்சத்து 90 ஆயிரம். இதை 10 வருஷத்துல கட்டினா மாசம் 5,154 ரூபா, மொத்தம் கட்டி முடிக்கறது 6 லட்சத்து 18 ஆயிரத்துச் சொச்சம். 15 வருஷமா இழுத்தா மாசம் 4,191 தான், பாக்க சின்னதா இருக்கும், ஆனா மொத்தம் ஏழரை லட்சத்தைத் தாண்டிடும். 5 வருஷத்துல முடிக்கணும்னா மாசம் 8,286, மொத்தம் 4 லட்சத்து 97 ஆயிரம். பேங்க்ல மாசத் தவணையைச் சொல்லித்தான் பேசுவாங்க, நீங்க எப்பவும் மொத்தத்தைக் கேளுங்க. இ.எம்.ஐ. கால்குலேட்டர் போன்லயே இருக்கு, ஆனா படிக்கற காலத்து வட்டியை அசலோட சேர்த்துட்டு தான் அதுல நம்பரைப் போடணும், வெறும் 3 லட்சத்தைப் போட்டுப் பாத்து சந்தோஷப்படறவங்க நிறைய பேர்.

படிக்கும்போதே அந்த வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டிட்டு வந்தா என்ன ஆகும்னு பொண்ணே கேட்டா, அங்கதான் எனக்கு அவ மேல நம்பிக்கை வந்துச்சு. மொத வருஷம் மாசம் 833, ரெண்டாவது வருஷம் 1,667, அப்புறம் ரெண்டு வருஷம் 2,500. மொத்தம் அதே 90 ஆயிரம் தான். ஆனா அது அசல்ல ஏறாது, அதனால 10 வருஷத் தவணை 3,965 ஆயிடும், முன்னாடி கட்டின 90 ஆயிரத்தையும் சேர்த்தா கூட மொத்தத்துல 52 ஆயிரம் ரூபா கிட்ட மிச்சம். இப்படி வட்டியை ஒழுங்கா கட்டறவங்களுக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கவும் பேங்குகளோட மாடல் ஸ்கீம்ல வழி இருக்கு, உங்க பிரான்ச்ல தர்றாங்களான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

இப்போ வரவுப் பக்கம். இங்கதான் காலேஜ் விளம்பரம் எல்லாரையும் கவுக்குது. "சராசரி சம்பளம் 30 ஆயிரம்"னு பேனர் வெச்சிருப்பாங்க. மேத்ஸ் படிக்கப் போற பிள்ளைக்கு இது தெரியணும், அஞ்சு பேர் வேலைக்குப் போனாங்க, சம்பளம் 12, 14, 15, 16 ஆயிரம், ஒருத்தனுக்கு மட்டும் எப்படியோ 93 ஆயிரம், கூட்டி அஞ்சால வகுத்தா சராசரி 30 ஆயிரம், பொய்யே இல்ல. ஆனா நடுவுல நிக்கறவன் வாங்கறது 15. நீங்க காலேஜ்ல கேக்க வேண்டியது சராசரி இல்ல, நடுவுல இருக்கறவன் எவ்ளோ வாங்கறான், அதுவும் எல்லா டிபார்ட்மென்ட்டையும் சேர்த்து இல்லாம மேத்ஸ் டிபார்ட்மென்ட்ல மட்டும், போன வருஷம் மொத்தம் எத்தனை பேர் முடிச்சாங்க, அதுல எத்தனை பேருக்கு ஆர்டர் வந்துச்சு. பதில் சொல்லாம காபி வாங்கிக் கொடுத்தாங்கன்னா அதுவே பதில்.

பி.எஸ்சி. மேத்ஸ் மட்டும் வெச்சுக்கிட்டு 21 வயசுல கீழ இறங்கினா கோயம்புத்தூர்ல கையில வர்றது 15 ஆயிரம்னு தான் நான் கணக்குல எடுத்துக்குவேன், கூட வந்தா லாபம். அதுல ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் 8 ஆயிரம் போயிடும். மீதி 7 ஆயிரத்துல 5,154 தவணை கட்டிட்டு 1,846 ரூபால ஒரு மாசம். வீட்டுக்கு அனுப்பறது எங்க, ஒரு எக்ஸாமுக்குப் படிக்க கோச்சிங் போறது எங்க. என்னோட அளவுகோல் இது தான், மோசமான நிலைமையில வர்ற சம்பளத்துல தவணை அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15 ஆயிரத்துக்கு 3 ஆயிரம். பத்து வருஷத்துல 3 ஆயிரம் தவணைக்கு எவ்ளோ கடன் தாங்கும்னு திருப்பிப் போட்டா, வட்டி ஏறினதுக்கு அப்புறம் 2 லட்சத்து 27 ஆயிரம், அதாவது வாங்கற அசல் மூணு வருஷத்துக்கும் சேர்த்து ஒண்ணே முக்கால் லட்சம் தான். பி.எஸ்சி. மேத்ஸுக்கு அதுக்கு மேல கடன் வாங்கக் கூடாதுங்கறது என் கருத்து, சண்டைக்கு வரலாம், தயார்.

ஏன்னா நல்ல சம்பளம் எல்லாம் அடுத்த படியில இருக்கு. கவர்ன்மென்ட் ஸ்கூல்ல பி.டி. அசிஸ்டென்ட், அதாவது பத்தாவது வரைக்கும் எடுக்கற பட்டதாரி ஆசிரியர் ஆனா அடிப்படைச் சம்பளமே 36,400ல ஆரம்பிக்குது, ப்ளஸ் ஒண்ணு, ப்ளஸ் டூவுக்கு எடுக்கற பி.ஜி. அசிஸ்டென்ட்னா 36,900, அதுக்கு மேல டி.ஏ.ங்கற அகவிலைப்படி எல்லாம் தனி. ஆனா பி.டி.க்கு பி.எட். வேணும், ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் பாஸ் பண்ணணும், ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யோட அறிவிப்பு வரணும், அது வருஷா வருஷம் வர்ற விஷயம் இல்ல. பி.ஜி.க்கு எம்.எஸ்சி.யும் வேணும் பி.எட்.டும் வேணும். பி.எட். இப்போ ரெண்டு வருஷம், 2015ல இருந்து. பேங்க்ல பி.ஓ., அதாவது ஆபீசர் ஆனா அடிப்படை 48,480, கிளார்க்னா 24,050, இது எந்த டிகிரிக்கும் பொது, மேத்ஸ் படிச்சவங்களுக்குன்னு தனிக் கதவு கிடையாது. பேங்க் எக்ஸாம்ல குவான்ட்ஸ்னு வர்ற கணக்குப் பேப்பர் பத்தாங்கிளாஸ் கணக்கு தான், காலேஜ்ல ரியல் அனாலிசிஸ் படிச்சது அங்க உதவாது, ஆனா நம்பரைப் பாத்து பயம் வராது அது பெரிய விஷயம். மத்திய அரசு வேலைக்கு வைக்கற எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுல ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர்னு ஒரு வேலை, 35,400ல ஆரம்பிக்கும், ப்ளஸ் டூ மேத்ஸ்ல 60 சதவீதம் இருந்து ஏதாவது டிகிரி இருந்தா போதும், இதை நம்ம பக்கம் யாரும் கண்டுக்கறதே இல்ல. எம்.எஸ்சி. முடிச்சு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை அடிச்சா 2023ல இருந்து மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, பி.எச்டி. பண்ணிக்கிட்டே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிஸ்க் கணக்குப் போடற ஆக்சுவரி வேலை இருக்கு, ஏசெட்னு நுழைவுத்தேர்வு, அப்புறம் ஃபெல்லோ ஆகற வரைக்கும் 13 பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஃபீஸ், வருஷக்கணக்குல இழுக்கும், ஆனா நாலஞ்சு பேப்பர் பாஸ் பண்ணும்போதே இன்சூரன்ஸ் கம்பெனியில உள்ள நுழையலாம்.

இப்போ ரெண்டு கடிகாரத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2026 ஜூன்ல சேர்ந்தா 2029ல பி.எஸ்சி. முடியும். 2030 நடுவுல தவணை ஆரம்பம். எம்.எஸ்சி. போனா 2031, அதுக்கு மேல பி.எட். போனா 2033. அதாவது எம்.எஸ்சி. ரெண்டாவது வருஷம் கிளாஸ்ல உக்காந்திருக்கும்போது மொத தவணை எஸ்.எம்.எஸ். வந்துடும், சம்பளம் வர்றதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. மேற்படிப்புன்னா தவணை ஆரம்பிக்கறதைத் தள்ளி வெக்கச் சொல்லி பேங்க்ல கேக்கலாம், தள்ளியும் வெப்பாங்க, ஆனா வட்டி தள்ளிப் போகாது. எனக்கு நடந்தது இது தான். 2011ல சேர்ந்து 2014ல முடிச்சேன், அப்போ வட்டி 12 சதவீதம், 2 லட்சத்து 80 ஆயிரம் வாங்கினது 2015ல 3 லட்சத்து 80 ஆயிரம் ஆகி நின்னுச்சு. தவணை 5,450. அப்போ ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல நான் வாங்கின சம்பளம் 9,500. எம்.எஸ்சி. ரெகுலர் சீட் கையில இருந்துச்சு, விட்டுட்டு வேலைக்கு ஓடினேன், அப்புறம் கரஸ்ல, தபால் வழியில தான் முடிச்சேன். ஒரு படிப்புக்குப் பண்ண கடன் அடுத்த படிப்பைத் தின்னுடுச்சு. அதான் அக்காகிட்ட சொன்னேன், கடன் வாங்கற தெம்பை மொத படிக்கட்டுலயே செலவு பண்ணாதீங்க, ரெண்டாவது படிக்கட்டுக்கு வெச்சிருங்கன்னு.

மொத படிக்கட்டைக் கடன் இல்லாம ஏற நம்ம மலையிலயே வழி இருக்கு. ஊட்டி கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் 1955ல இருந்து இருக்கு, பாரதியார் யூனிவர்சிட்டி டிகிரி. அந்தக் கோயம்புத்தூர் காலேஜும் அதே பாரதியார் யூனிவர்சிட்டி தான், தன்னாட்சி இல்லாத காலேஜுன்னா சிலபஸ் கூட அதே. எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வான ஜாம் எழுதும்போது நீங்க எந்த காலேஜ்ல இருந்து வந்தீங்கன்னு கேள்வித்தாள் கேக்காது. கூடலூர்லயும் அரசு காலேஜ் இருக்கு, பந்தலூர் பக்கத்துப் பிள்ளைங்க ஊட்டி வரைக்கும் வர வேண்டாம், எந்தக் காலேஜ்ல மேத்ஸ் எத்தனை சீட்டுன்னு அப்ளை பண்ற இணையதளத்துலயே பாத்துக்கலாம். அரசு காலேஜ்ல இளநிலைக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது, மத்த கட்டணம் சில ஆயிரத்துல முடியும், பஸ் பாஸ் இலவசம். அப்ளிகேஷன் 50 ரூபா. நம்ம ஆளுங்க பண்ற தப்பு, ரிசல்ட் வந்த சந்தோஷத்துல தனியார் காலேஜ்ல அட்வான்ஸ் கட்டிட்டு, அரசு காலேஜ் கவுன்சிலிங் தேதியை விட்டுடறது. அப்ளிகேஷனை மே மாசமே போட்டு வைங்க, போகலன்னாலும் 50 ரூபா தான் நஷ்டம்.

அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல இருந்து. மூணு வருஷத்துக்கு 36 ஆயிரம், காலேஜோட சில்லறைக் கட்டணமும் மதியச் சாப்பாடும் அதுலயே ஓடிடும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்குக் குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், தனியார் காலேஜுக்கும் உண்டு. இன்னொண்ணு இன்ஸ்பயர். மத்திய அரசோட அறிவியல் தொழில்நுட்பத் துறை கொடுக்கறது, ப்ளஸ் டூ போர்டுல டாப் 1 சதவீதத்துல வந்து மேத்ஸ் மாதிரி அடிப்படை அறிவியல் பாடம் எடுத்தா வருஷம் 80 ஆயிரம், அதுல 60 ஆயிரம் கைக்கு வரும், மீதி 20 ஆயிரம் கோடைகால ஆராய்ச்சிக்கு. இதுல இன்ஜினியரிங் போறவங்களுக்கு இடம் இல்ல, மேத்ஸ் எடுத்தவங்களுக்குன்னு கிடைக்கற அபூர்வமான சலுகை. பட்டதாரி இல்லாத குடும்பம், ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை வருமேன்னு அக்கா கேட்டாங்க. அது இன்ஜினியரிங் மாதிரி கவுன்சிலிங்ல வர்ற தொழிற்படிப்புக்கு, பி.எஸ்சி.க்குன்னு அதை நம்பி உக்காராதீங்க.

மார்க் மட்டும் இல்லாம நிஜமாவே கணக்குல கிறுக்கு பிடிச்ச பிள்ளைன்னா ரெண்டு இடம் சொல்றேன், ப்ளஸ் ஒண்ணுலயே தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட், பெங்களூர்ல பி.மேத்., கல்கத்தாவுல பி.ஸ்டாட்., பல வருஷமா டியூஷன் ஃபீஸ் வாங்காம மாசாமாசம் உதவித்தொகையும் கொடுத்து படிக்க வெச்ச இடம். இன்னொண்ணு சென்னை சிறுசேரியில சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட், சுருக்கமா சி.எம்.ஐ., ஃபீஸ் ஷீட்டைப் பாத்தா தலை சுத்தும், ஆனா ஃபீஸ் சலுகை உண்டு, அப்ளை பண்ணணும். ரெண்டுக்கும் நுழைவுத்தேர்வு, ஸ்கூல் கணக்கு மாதிரி இருக்காது, ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் முறைச்சுப் பாக்கணும். இந்த மாதிரி இடத்துக்குக் கடன் வாங்கறதுன்னா என் அளவுகோலையே நான் தளர்த்திடுவேன், அங்க இருந்து வெளிய வர்றவங்க சம்பளமும் மேற்படிப்பும் வேற லெவல்.

இன்னொரு வழியும் சொல்லணும், ஊட்டியில ரெகுலரா மேத்ஸ் படிச்சுக்கிட்டே ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைன்ல நடத்தற டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிக்கலாம், 2021ல ஆரம்பிச்சது, ஜே.இ.இ. வேண்டாம், அவங்களே ஒரு தகுதிச் சுற்று வெப்பாங்க. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க 2022லயே யு.ஜி.சி. அனுமதி கொடுத்தாச்சு. பேப்பர் பேப்பரா ஃபீஸ் கட்டலாம், வருமானம் கம்மியான குடும்பத்துக்குச் சலுகை உண்டு. பரீட்சை மட்டும் நேர்ல போய் எழுதணும். ஆனா எங்க லைன்ல மழை வந்தா டவர் போயிடும், ஜூலையில வீடியோ பாக்க தேயிலைக் காட்டு மேட்டுல குடையோட நிக்கணும், அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

அப்போ தனியார் காலேஜே வேண்டாமா? அப்படிச் சொல்லல. அரசு காலேஜ்ல சீட் கிடைக்கல, இல்ல அந்தத் தனியார் காலேஜ்ல மேத்ஸ் பிள்ளைங்களையே ஐ.டி. கம்பெனி வந்து எடுக்குதுன்னா யோசிக்கலாம். விப்ரோல டபிள்யூ.ஐ.எல்.பி.னு ஒண்ணு, பி.எஸ்சி. முடிச்சவங்களை வேலைக்கு எடுத்து கூடவே எம்.டெக். படிக்க வைக்கும், ஃபீஸ் கம்பெனி கட்டும், ஆனா வேலையை விட மாட்டேன்னு வருஷக்கணக்குல பாண்ட் போடணும். ரெண்டாவது படிக்கட்டுக் கடன் அங்க மிச்சமாகுது. அந்த மாதிரி ஆள் எடுக்கற காலேஜா, போன ரெண்டு வருஷம் மேத்ஸ்ல எத்தனை பேர் போனாங்கன்னு சீனியர் பிள்ளைங்ககிட்டயே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நம்ம மலைக்குன்னு ரெண்டு விஷயம் இருக்கு, இதைச் சமவெளியில இருக்கறவங்க எழுதற கைடுல பாக்க முடியாது. சொந்தமா ரெண்டு ஏக்கர் தேயிலை வெச்சிருக்கறவங்க, கோத்தகிரி, குந்தா பக்கம், பச்சைத் தேயிலைக் காசு வர்றது ஒரே மாதிரி இருக்காது, மழைக்கு அப்புறம் கொழுந்து கொட்டும், டிசம்பர், ஜனவரி பனியில காஞ்சு நிக்கும், விலையும் குன்னூர் ஏலத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். தவணை மட்டும் பனியா மழையான்னு பாக்காது, அதே தேதி அதே தொகை. அதனால வருஷ வருமானத்தை 12ஆல வகுத்து "கட்டிடலாம்"னு சொல்லாதீங்க, ஜனவரி மாச வருமானத்துல கட்ட முடியுமான்னு பாருங்க. பிள்ளை லோன்ல அப்பாவும் கூட்டுக் கடன்காரர், தவணை தவறினா கடனை ஒழுங்கா கட்டறாரான்னு காட்டற அப்பாவோட சிபில் ஸ்கோரும் அடி வாங்கும், அடுத்த பயிர்க்கடன் கேக்கும்போது அது முன்னாடி வந்து நிக்கும்.

எஸ்டேட் லைன்ல இருக்கறவங்களுக்கு வேற ஆபத்து. "அவங்க அப்பா பி.எஃப்.ல இருந்து எடுத்துடலாமே, வட்டி கட்ட வேண்டாம்ல"ன்னு அக்கா கேட்டாங்க. மேலோட்டமா பாத்தா சரி தான், பி.எஃப். தர்றது 8.25 சதவீதம், லோனுக்குக் கட்டறது 10. ஆனா லைன் வீடு நம்ம வீடு இல்ல. ரிட்டயர் ஆன அன்னிக்குச் சாவியைக் கொடுத்துட்டு இறங்கணும், அந்த பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் தான் அடுத்து தலை சாய்க்கற இடம். ஒண்ணே முக்கால் சதவீத வட்டி வித்தியாசத்துக்கு வீட்டை அடகு வைக்காதீங்கன்னு சொன்னேன், அக்கா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல.

வெளியில வட்டிக்கு வாங்கறது பத்தி ஒரு வரி. "ரெண்டு வட்டி தான்"னு சொல்வாங்க, நூத்துக்கு மாசம் 2 ரூபா, வருஷத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டின்னா 36. படிப்புக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, எல்லாம் பாத்துட்டு லோன் போடறதுன்னே முடிவாச்சுன்னா. 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி, பெத்தவங்க கையெழுத்து போதும், "தோட்டப் பத்திரம் கொண்டு வாங்க"ன்னா எழுத்துல கேளுங்க, பெரும்பாலும் அதோட அடங்கிடுவாங்க. எஜுகேஷன் லோனுக்கான வித்யா லட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணா நம்பர் கிடைக்கும், பிரான்ச்ல அலைய விடும்போது அந்த நம்பர் உதவும். வட்டி மானியம் பத்தி எல்லாரும் குழம்பறாங்க. வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கற காலத்து வட்டி முழுசும் அரசாங்கம் கட்டும்னு சொல்றது டெக்னிகல், தொழிற்படிப்புகளுக்கு, சாதாரண பி.எஸ்சி. மேத்ஸை அதுல சேர்த்துக் கணக்குப் போடாதீங்க. 2024 நவம்பர்ல வந்த பி.எம். வித்யாலட்சுமில 8 லட்சம் வரைக்கும் வருமானம் இருக்கறவங்களுக்கு 10 லட்சம் வரைக்கும் லோன்ல 3 சதவீத வட்டி மானியம் இருக்கு, ஆனா உங்க காலேஜ் அந்தத் தரமான நிறுவனங்கள் பட்டியல்ல இருக்கணும். சேர்றதுக்கு முன்னாடி பட்டியலைப் பாருங்க, சேர்ந்துட்டுப் பாக்காதீங்க. லோன் வட்டிக்கு வருமான வரிச்சலுகைன்னு பிரான்ச்ல இழுத்து இழுத்துச் சொல்வாங்க, 20 ஆயிரம் சம்பளத்துக்கு வரியே வராது, அப்புறம் எதுல கழிக்கறது.

எனக்கு லோன் கொடுத்த பிரான்ச்ல மொத தடவை கொடுத்த லோன் பணத்துல இருந்தே ஒரு இன்சூரன்ஸ் பிரீமியத்தைப் பிடிச்சுட்டாங்க, கேட்டப்போ "எல்லாருக்கும் போடறது தான்"னாங்க. பாலிசி கெட்டதுன்னு இல்ல, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பா தலையில விழாது, ஆனா அந்தப் பிரீமியத்துக்கும் சேர்த்து வட்டி கட்டினேன்னு மூணு வருஷம் கழிச்சு ஸ்டேட்மென்ட் பாக்கும்போது தான் தெரிஞ்சுது. லோன் கொடுக்கறோம்னு பேங்க் தர்ற சாங்ஷன் லெட்டர்ல ஒவ்வொரு வரியும் படிங்க.

கட்டற காலத்துல மேத்ஸ்காரங்ககிட்ட ஒரு ஆயுதம் இருக்கு, டியூஷன். வேற எந்த பி.எஸ்சி.க்கும் இந்த அளவுக்கு வாய்ப்பு கிடையாது. எட்டாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் எந்த லைன்லயும் கணக்குன்னா நடுங்கற பிள்ளைங்க இருக்கு. நான் 2019ல குன்னூர் திரும்பி ஒரு போர்டிங் ஸ்கூல்ல சேர்ந்தேன், சம்பளம் கோயம்புத்தூரை விட ரெண்டாயிரம் கம்மி, ஆனா குவார்ட்டர்ஸ், சாப்பாடு இலவசம், அதுவே மாசம் 8 ஆயிரத்துக்குச் சமம். ஊட்டி, லவ்டேல், குன்னூர் பக்கம் இந்த மாதிரி ஸ்கூல் வேலைக்குப் போறவங்க சம்பளத்தை மட்டும் பாத்து வேண்டாம்னு சொல்லிடாதீங்க. ராத்திரி ஆன்லைன்ல ஏழு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்த காசை அப்படியே அசல்ல கட்டினேன். மாறும் வட்டியில இருக்கற லோனை முன்னாடியே கட்டினா அபராதம் கிடையாது. ஆனா கூடுதலா கட்டும்போது அசல்ல கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க, இல்லன்னா அடுத்த மாசத் தவணைக்கு அட்வான்ஸா எடுத்து வெச்சுக்குவாங்க, வட்டி பழைய மாதிரியே ஓடும். 2025 வரைக்கும் ஓட வேண்டியது 2023 மார்ச்லயே முடிஞ்சுது.

பொண்ணு ஊட்டியில சேர்ந்துட்டா. காலையில இருட்டோட பஸ் ஏறறா, அதைப் பத்தி மட்டும் புகார். ரெண்டாவது வருஷத்துல ஜாம் கேள்வித்தாளை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், எம்.எஸ்சி.க்கு வெளியூர் போனா அப்போ கடன் கணக்கை மறுபடி நோட்டுல போடுவோம்.

கடைசித் தவணை கட்டினவங்களுக்கு ஒண்ணு. கட்டிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடாதீங்க, நோ டியூ சர்டிபிகேட் கையில வாங்குங்க, லோன் அக்கவுண்ட் க்ளோஸ்னு ஸ்டேட்மென்ட்ல வருதான்னு பாருங்க, ரெண்டு மாசம் கழிச்சு உங்க சிபில், அப்பா சிபில் ரெண்டையும் எடுத்துப் பாருங்க. என்னோடதுல 214 ரூபா பாக்கின்னு நாலு மாசம் காட்டிக்கிட்டே இருந்துச்சு.